தோம்புகளில் மறைந்திருக்கும் தாய்வழி

நம் குடும்பங்களில் பாட்டனாரின் தந்தை பெயர் பலருக்கும் தெரியும். பாட்டியின் தாய் யாரெனக் கேட்டால் மௌனமே பதிலாகிறது. அவளைத் தேடப் பழைய பதிவேடுகள் உதவக்கூடும்.

இங்கிலாந்தில் முற்காலப் பெண்ணொருத்தியின் உறவுகளை ஆய்வாளர் மரணசாசனங்களையும் கோயிற்பற்றுப் பதிவேடுகளையும் கொண்டு கண்டறிகின்றனர். நம் நாட்டில் அத்தகைய சான்றுகளாக விளங்குபவை ஒல்லாந்தர் காலத் தோம்புகளாகும். காணித் தோம்பு நிலத்தையும் பயன்தரு மரங்களையும் கணக்கிட்டது. தலைத் தோம்பு குடும்பத்தினரை உறவுமுறையோடு குறித்தது. பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிவாயின. அப்பதிவு சட்டத்தின் முன் சான்றாகக் கொள்ளப்பட்டமையால், தம் சமயத்தை உள்ளத்தில் பேணியவர்களும் அதில் இடம்பெற்றனர்.

1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையோ, தாயின் சீதனம் மகளுக்குச் சேரும் வழக்கத்தை எழுத்தில் வடித்தது. ஆகவே, பழைய சீதன உறுதி ஒன்று தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையைக் காட்டவல்லது.

ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் அவற்றில் ஒரு பகுதியைப் பேணுகிறது. ஆனால் வீட்டுப் பெட்டகத்து உறுதிகளைக் காப்பவர் யார்? போரிலும் இடப்பெயர்விலும் எண்ணற்றவை அழிந்தன. காணி உரிமையோடு அன்னையரின் பெயர்களும் அவற்றுடன் போயின. எஞ்சியவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது நம் கடமையாகும்.