கம்மி விலையில் ‘வேப்’, வீட்டிலேயே ‘அப்கிரேட்’... மிச்சமாவது பணமா, பாதுகாப்பா?

இ-சிகரெட் பற்றி யூடியூபில் ஒருமுறை தேடிவிட்டால் போதும். ‘குறைந்த விலை ஸ்டார்ட்டர் கிட்’, ‘பழைய டிவைஸில் அதிக ஆவி வரவைப்பது எப்படி?’, ‘லிக்விடை வீட்டிலேயே கலக்கலாம்’ என்று அடுத்த ஒரு வாரத்துக்கு ஃபீடு முழுக்க இதுதான் ஓடும்.

பேசுகிறவர் லண்டனிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இருப்பார். பார்க்கிறவர் சோழிங்கநல்லூரிலோ சரவணம்பட்டியிலோ இருப்பார். அங்கே சொல்லப்படும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்துமா? ‘பட்ஜெட்’ என்ற பெயரில் உண்மையில் எதைக் குறைக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இ-சிகரெட்டுக்குள்ளே என்ன இருக்கு?

இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வித்திட்டவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். 2003-ல் இதை உருவாக்கினார். அவரே தீவிர சிகரெட் பழக்கம் உள்ளவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்.

டிசைன் எத்தனை மாறினாலும் உள்ளே இருப்பது நாலே நாலு விஷயம்தான். ஒரு லித்தியம் பேட்டரி, சூடாகிற ஒரு கம்பிச்சுருள் (இதைத்தான் ‘காயில்’ என்கிறார்கள்), திரவத்தை உறிஞ்சி காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சு, அந்தத் திரவம் இருக்கும் டேங்க் அல்லது ‘பாட்’.

திரவத்தில் புரோபிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிகோடின் இருக்கும். இழுக்கும்போது காயில் சூடாகி, திரவம் ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை என்பதால் சிகரெட் புகையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் வருவதில்லை. ‘அப்போ சேஃப்தானே?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

‘ஸ்டார்ட்டர் கிட்’ என்பது என்ன?

மூன்று வகை உண்டு. தீர்ந்ததும் தூக்கிப் போடும் டிஸ்போசபிள், பாட் மட்டும் மாற்றும் அல்லது நிரப்பும் சின்ன டிவைஸ், பேட்டரி, டேங்க், காயில் என எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடிய ‘மாட்’.

வெளிநாட்டு வீடியோக்கள் வழக்கமாகச் சொல்லும் பட்ஜெட் அறிவுரை ரொம்ப எளிமையானது: டிஸ்போசபிளை விட்டுவிட்டு நிரப்பும் வகைக்கு மாறுங்கள்; காயிலை நீங்களே சுற்றுங்கள்; பேட்டரியைத் தனியாக வாங்குங்கள்; லிக்விடை நீங்களே கலந்துகொள்ளுங்கள். இதில் கடைசி மூன்றும்தான் சிக்கல். பணம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்பு அடுக்கையும் கூடவே கழற்றிவிடுகிறது.

காயிலை மாற்றினால் என்ன ஆகும்?

பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஓம் விதி ஞாபகம் இருக்கா? மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். முழுசாக சார்ஜ் ஆன ஒரு லித்தியம் செல்லில் 4.2 வோல்ட் இருக்கும்.

காயிலின் மின்தடை 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர் ஓடும். ‘நிறைய ஆவி வரணும்’ என்று 0.2 ஓம் காயில் போட்டால் அதுவே 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். அந்த அளவை சாதாரண செல்லால் தாங்க முடியாது. அளவுக்கு மீறிச் சூடாகும், சில நேரம் வெடிக்கும்.

நல்ல டிவைஸ்களில் இதைக் கவனித்து மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். ‘மெக்கானிக்கல் மாட்’ எனப்படும் வகையில் அது கிடையாது. பேட்டரி, பட்டன், காயில் அவ்வளவுதான். கணக்கு தப்பினால் தடுக்க ஆள் இல்லை.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. பஞ்சு காய்ந்த நிலையில் காயில் அதிகம் சூடானால், அதே திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனங்கள் உருவாகின்றன. காயிலின் உலோகத்திலிருந்து நிக்கல், குரோமியம் போன்றவை ஆவியில் கலப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பேட்டரியில் மிச்சம் பிடிக்கலாமா?

மாட்களில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல்களைப் போடுகிறார்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால் அந்தப் பெயர். பழைய லேப்டாப் பேட்டரிக்குள்ளேயும் இதே அளவு செல் இருக்கும். ‘அதையே கழற்றிப் போட்டா என்ன?’ என்று தோன்றும்.

சைஸ் ஒன்றுதான், வேலை வேறு. லேப்டாப் செல் நிதானமாக, நீண்ட நேரம் மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. வேப்பில் சில விநாடிகளுக்குள் பெரிய மின்னோட்டம் தேவை. மாரத்தான் ஓடுகிறவரை 100 மீட்டர் ஓட்டத்துக்கு, அதுவும் ஒரு நாளைக்கு நூறு தடவை, இறக்கிவிடுகிற கதைதான். மொபைலுக்கு பேட்டரி மாற்றும்போதே ‘ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?’ என்று நாலு தடவை கேட்கிறோம். இது முகத்துக்கு நேராக வைத்துப் பயன்படுத்தும் பொருள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2018-ல் ஃபுளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் வேப் வெடித்துத் தலா ஒருவர் இறந்திருக்கிறார். உறை கிழிந்த செல்லை பைக் சாவி, சில்லறையோடு சேர்த்து பாக்கெட்டில் போட்டாலே ஷார்ட் சர்க்யூட் ஆகித் தொடை வெந்துபோகலாம்.

லிக்விடை வீட்டில் கலந்தால்?

பட்ஜெட் ஆலோசனைகளிலேயே மிக ஆபத்தானது இதுதான். நிகோடின் ஒரு நஞ்சு. வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேரும் நிகோடின் சுமார் 1 முதல் 2 மி.கி. கலப்பதற்கென்று விற்கப்படும் செறிவான திரவத்தில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மி.கி. இருக்கலாம். அளவில் ஒரு சின்னத் தவறு, கையில் கொஞ்சம் சிந்தல், வீட்டில் ஒரு குழந்தை... யோசித்துப் பாருங்கள்.

வாசனைக்குச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. கேக்கில் போடும் எசன்ஸ் வயிற்றுக்குப் பாதுகாப்பானது. அதனாலேயே அது நுரையீரலுக்கும் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் இதற்கு நல்ல உதாரணம். சாப்பிடும்போது அதனால் பிரச்சினை இல்லை. ஆனால், பாப்கார்ன் தொழிற்சாலைகளில் அதைத் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளர்களுக்கு மீளமுடியாத நுரையீரல் பாதிப்பு வந்தது.

என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத திரவம் என்ன செய்யும் என்பதை 2019-ல் அமெரிக்கா பார்த்தது. திடீரென்று இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும், 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாவின் போதைப் பொருள் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட். அவற்றில் பெரும்பாலானவை நண்பர்கள், தெரிந்தவர்கள், சட்டவிரோத விற்பனையாளர்கள் வழியாகக் கைமாறியவை. சரும கிரீம்களில் பயன்படும் ஒரு பொருள், நுரையீரலுக்குள் போனதும் ஆளைக் கொன்றது.

அப்போ பிரிட்டனில் மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. பிரிட்டனின் பொது சுகாதாரத் துறை, சிகரெட்டை விட முடியாதவர்கள் வேப்புக்கு மாறுவது தீங்கைக் குறைக்கும் என்று சொல்கிறது. 2023-ல், சிகரெட் பிடிக்கும் 10 லட்சம் பேருக்கு இலவச ஸ்டார்ட்டர் கிட் தரும் திட்டத்தையும் அந்நாட்டு அரசு அறிவித்தது. நிகோடின் உள்ள இ-சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்கள், நிகோடின் சூயிங்கம், பேட்ச் பயன்படுத்தி விட்டவர்களைவிட அதிகம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், அந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அங்கே ஒரு மில்லிலிட்டரில் 20 மி.கி.க்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது. டேங்க் 2 மில்லிதான். நிகோடின் உள்ள பாட்டில் 10 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது. டைஅசிட்டைலுக்குத் தடை. சந்தைக்கு வரும் முன் தயாரிப்பு விவரங்களை அரசு அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். 18 வயதுக்குக் கீழே விற்பனை கிடையாது. டிஸ்போசபிள் வேப்களுக்கு 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை.

அப்படியும் அவர்கள் சொல்வது இதுதான்: சிகரெட் பிடிக்காதவர்கள் வேப்பைத் தொடவே வேண்டாம். ‘சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு’ என்பதும் ‘தீங்கே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனமோ இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளைத்தான் கேட்கிறது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றச் சட்டமானது இ-சிகரெட் தடை. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் அனைத்துக்கும் தடை. நிகோடின் இல்லாத டிவைஸும் இதில் அடக்கம். ‘ஃப்ளேவர் மட்டும்தான் ப்ரோ’ என்பது சட்டத்தின் முன் செல்லாது.

முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சேமித்து வைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

‘பயன்படுத்துவது’ குற்றம் என்று சட்டத்தில் தனியாக இல்லைதான். ஆனால், வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போட்டால் அது இறக்குமதி. நண்பனுக்கு ஒன்றை விற்றால் அது விற்பனை. ஆன்சைட் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த வேப்கள் அங்கே பிடிபட்டதைத் தொடர்ந்து, 2025 செப்டம்பர் முதல் அந்தப் பொருளைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

தடையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் கள்ளச்சந்தைச் சரக்கு. லேபிளில் ‘2 சதவீதம் நிகோடின்’ என்று இருந்தால் அதைச் சரிபார்த்தவர் யாரும் இல்லை. பில் இல்லை, வாரன்ட்டி இல்லை, புகார் கொடுக்க இடமும் இல்லை. வெளிநாட்டு வீடியோ சொல்லும் பட்ஜெட் டிப்ஸ் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். அவர்கள் ஓரளவு சோதிக்கப்பட்ட பொருளில் செலவைக் குறைக்கிறார்கள். நம்மிடம் குறைப்பதற்கு அந்த முதல் பாதுகாப்பே கிடையாது.

சிகரெட்டை விடணும், செலவும் குறையணும். என்ன வழி?

வேப் பக்கம் போகும் பலருடைய உண்மையான நோக்கம் இதுதான் என்றால், இதைவிட மலிவான, சட்டப்படியான வழிகள் இருக்கின்றன.

* தேசிய புகையிலை விடுதலை உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. போனிலேயே ஆலோசகர் பேசுவார், தேதி குறித்து உதவுவார்.

* போன் பேசத் தயக்கமா? 011-22901701 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மத்திய அரசின் எம்-செசேஷன் திட்டத்தில் சேர்ந்து, குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டல் பெறலாம்.

* நிகோடின் சூயிங்கம், பேட்ச் ஆகியவை மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. எந்த அளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர் என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அளவை முடிவு செய்ய அது முக்கியம்.

* சூயிங்கத்தை பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் மாதிரி ஒரு சுவை வரும்வரை மெல்ல மென்று, கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். சுவை போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே. அதற்கு முன் கால் மணி நேரம் காபி, கூல் டிரிங்க்ஸ் வேண்டாம்.

ஏற்கெனவே வேப் பிடிக்கிறவர் என்றால்?

மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள். மேலே சொன்ன உதவி எண்கள் உங்களுக்கும்தான். நிகோடின் பழக்கம் எந்த வடிவில் வந்தாலும் அதிலிருந்து வெளியே வர டாக்டரிடம் உதவி கேட்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தொடர் இருமல், காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். வேப் பிடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சரியான சிகிச்சைக்கு அந்தத் தகவல் அவசியம்.

விடும்வரை இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். நனைந்த, வீங்கிய, உறை கிழிந்த பேட்டரியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். இரவு தூங்கும்போது, தலையணைக்குப் பக்கத்தில், சார்ஜ் போட வேண்டாம். பழைய டிவைஸைக் குப்பைத்தொட்டியில் வீசாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் செல் தீப்பிடித்தால், காயம்படப் போவது அதைத் தள்ளிக்கொண்டு போகும் தூய்மைப் பணியாளர்.