கதைப் புத்தகமும் தேசத் தொண்டும்

கதை படிப்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்பது நம் ராஜீய ஊழியர் பலருடைய அபிப்பிராயம். தேசப் பணியில் இறங்கியவன் சட்டமும் சரித்திரமும் பொருளாதாரமும் படிக்கலாம். சிறுகதைத் தொகுதியைக் கையிலெடுத்தால் காலத்தை வீணாக்குகிறான் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் பிழையானது என்பதே நம் துணிபு. இதற்கு அமெரிக்காவிலும் சாட்சி உண்டு. நம் திருச்சிராப்பள்ளியில் அதனினும் வலிய சாட்சி உண்டு.

அமெரிக்கர் 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஆயினும் இலக்கியத்தில் அவர்கள் பின்னும் நெடுங்காலம் இங்கிலாந்தின் குடிகளாகவே இருந்தனர். 1837-ல் நதானியேல் ஹாதர்ன், பத்திரிகைகளிலும் ஆண்டு மலர்களிலும் பெரும்பாலும் பெயரின்றியே வெளியிட்டிருந்த தம் கதைகளைத் திரட்டி, 'இருமுறை சொன்ன கதைகள்' என்ற தொகுதியாக்கினார். தம் நாட்டுப் பழைய ஊர்களையும், அங்கு வாழ்ந்தோர் மனச்சாட்சியையுமே அவர் பொருளாகக் கொண்டார். 1842-ல் எட்கார் ஆலன் போ அந்நூலுக்கு மதிப்புரை எழுதினார். ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாய், ஒவ்வொரு சொல்லும் முன்னரே வகுத்த ஒரே பயனை நோக்கிச் செல்வதாய் இருப்பதே நல்ல கதை என்று அதில் இலக்கணம் வகுத்தார். சிறுகதையைப் பற்றிப் பேசுவோர் இன்றளவும் எடுத்துக்காட்டும் இலக்கணம் இதுவே.

அமெரிக்கர் அரசியல் விடுதலைக்குப் பின் செய்ததை, நம்மவர் ஒருவர் விடுதலைக்கு ஏறக்குறைய முப்பதாண்டுகள் முன்னரே செய்தார். அவரே வ.வே.சு. ஐயர். கே.கே. நகரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள வரகனேரியில் 1881-ல் பிறந்தவர். வக்கீல் தொழில் செய்தவர். பாரிஸ்டர் பட்டத்துக்கென 1907-ல் லண்டன் சென்று, சாவர்க்கரின் தோழராகி, 1910-ல் போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி சேர்ந்தவர். துப்பாக்கியையும் மாறுவேடத்தையும் சொல்லி அவரைப் புகழ்வோர் அநேகர். அதே புதுச்சேரியில் அவர் 'மங்கையர்க்கரசியின் காதல்' என்ற கதைத் தொகுதியை வெளியிட்டதை நினைப்பவரோ சிலரே. தமிழ்ச் சிறுகதையின் சரித்திரம் அந்நூலிலிருந்தே தொடங்குகிறது என்று சொல்வோர் பலர் உண்டு.

அத்தொகுதியிலுள்ள 'குளத்தங்கரை அரசமரம்' 1915-ல் 'விவேகபோதினி' பத்திரிகையில் வெளிவந்த கதை. அரசமரமே அதைச் சொல்லுகிறது. படித்துறை பேசுவதாகத் தாகூர் முன்னரே எழுதிய கதையின் சாயல் இதில் உண்டென்பர். இருக்கட்டும், உள்ளிருக்கும் துயரம் முழுவதும் தமிழ்நாட்டுத் துயரம். ருக்மிணியின் தந்தை செல்வர். அர்பத்நாட் கம்பெனி முறிந்ததும் வறியராகிறார். செல்வம் போனதும் மருமகளும் வேண்டாதவளாகிறாள். புக்ககத்தார் மகனுக்கு வேறு மணம் நிச்சயிக்கின்றனர்.

அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சி கற்பனையன்று. சென்னையில் 1906-ல் உண்மையாகவே நிகழ்ந்தது. எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அதில் மூழ்கியது. அந்த அனுபவத்திலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றியது. போன பணத்துக்குக் கணக்குப் பார்க்கக் கோர்ட்டும் பாங்கியும் இருந்தன. அப்பணத்தோடு போன பெண்ணுக்குக் கணக்குப் பார்த்தவர் யார்? ஒரு கதாசிரியர். சரித்திரமும் பொருளாதாரமும் எழுதாமல் விட்ட பக்கத்தைக் கதை எழுதியது.

இதனினும் பெரிய படிப்பினை ஒன்று உண்டு. கணவன் நாகராஜன் கொடியவனல்லன். மணப்பந்தல் வரை சென்று, கடைசி நேரத்தில் மறுத்துவிட்டு ருக்மிணியை அழைத்துவரவே எண்ணியிருந்தான். ஆனால் எண்ணத்தை அவளிடம் வெளியிடாமல், என்னை நம்பு என்ற அளவில் நிறுத்திக்கொண்டான். அவளோ அது தாளாமல் குளத்தில் உயிரை விட்டாள். நல்ல நோக்கம் மட்டும் போதாது. துன்புறுவோரைக் கலந்துகொள்ளாமல் அவர்களுக்கு நன்மை செய்யப் புறப்படுவது துன்பத்திலேயே முடியும். தொண்டில் இறங்கிய ஒவ்வொருவரும் மனத்திலிருத்த வேண்டிய பாடம் அல்லவா இது?

இப்பாடம் ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. ஐயர் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியுணவு அனுமதித்ததால் பெருங்கிளர்ச்சி மூண்டது. குருகுலத்தின் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் பந்தியில் பிரிக்கப்பட்ட மற்றச் சிறுவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அக்குறையை மறைப்பது நமக்கு அழகன்று. அவ்வழக்கு நடந்த 1925-ஆம் ஆண்டிலேயே, பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர் நீத்தார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் பிறந்தது. வரதட்சணைச் சாவைத் தனிக் குற்றமாக்கி 1986-ல் பீனல் கோடில் சேர்த்த பிரிவு, 2024 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 80-ஆம் பிரிவாக நிற்கிறது. சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் பெண் இறந்த பின் கதவைத் தட்டுகிறது. அரசமரமோ அவள் உயிரோடிருக்கும்போதே நம்மை எச்சரிக்கிறது.

வரகனேரியில் ஐயர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகவும் நூல்நிலையமாகவும் இருக்கிறது. அவர் மறைந்து நூறாண்டு கடந்தது. அவர் நூலை அச்சிட எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒவ்வொரு ஊழியர் சங்கமும் ஒரு மாலையில் அக்கதையை உரக்கப் படிக்கட்டும். அரை மணி நேரம் போதும். படித்தபின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கல்யாணக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். சிலைக்கு மாலை சூட்டுவதைவிட அதுவே ஐயருக்குச் செய்யும் மேலான மரியாதை.