லஸ் என்னும் சொல்

சென்னை மாநகரின் தென்பகுதியாகிய மயிலாப்பூரில் லஸ் என்றோர் இடம் உண்டு. அப்பெயரை நாள்தோறும் சொல்வோர் பலர். அதன் பொருளை அறிந்தோர் சிலரே.

அப்பெயர் அங்குள்ள மாதா கோயிலினின்று தோன்றியது. போர்த்துக்கீசியர் எழுப்பிய அக்கோயிலின் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகின்றது. ஆங்கிலேயர் சென்னையில் கால்கொண்டதோ 1639-ஆம் ஆண்டிலாகும். கோயிலில் வணங்கப்பெறும் அன்னைக்குப் போர்த்துக்கீசியர் இட்ட பெயர் 'ஒளியின் அன்னை' என்பது. ஒளியைக் குறிக்கும் அவர்தம் சொல்லே 'லூஸ்'. ஸ்பானிய மொழியிலும் அச்சொல் அவ்வெழுத்துக்களாலேயே எழுதப்படும். நம் மக்கள் கோயிலைப் பிரகாச மாதா கோயில் என வழங்கிப் பொருளைக் காத்தனர். இடத்தை லஸ் என வழங்கி ஒலியைக் காத்தனர்.

ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புக்கள். இலத்தீனில் ஒளிக்குப் பெயர் 'லூக்ஸ்'. அது இரண்டாம் வேற்றுமையில் 'லூக்கெம்' என நிற்கும். அதன் ஈறு கெட, இடைநின்ற ககரம் திரிந்து, லூஸ் ஆயிற்று. இத்தாலியர் 'லூச்சே' என்பர். திங்களைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லாகிய 'லூனா', வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'லெவ்கோஸ்', ஆங்கிலத்தின் 'லைட்' ஆகியனவும் இவ்வினத்தனவே.

வடமொழியில் ஒளிர்தலைக் குறிக்கும் 'ருச்' என்னும் வேரும் இவற்றிற்கு உறவாகும். இலத்தீனில் லகரம் நிற்குமிடத்து வடமொழியில் ரகரம் நிற்றல் பிற சொற்களிலும் காணப்படும். நிறைவைக் குறிக்கும் 'ப்லேனுஸ்', 'பூர்ண' என்னும் சொற்கள் அதற்குச் சான்று. ருச் என்னும் வேரினின்று பிறந்த 'ருசி' என்பது ஒளி, விருப்பம், சுவை ஆகிய பொருள்களைத் தருவது. ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாமையின், அச்சொல் 'உருசி' எனத் தமிழில் வழங்கிற்று. ஆகவே, நாம் உண்ணும் உணவின் உருசியும் மயிலையின் லஸ்ஸும் ஒரே வேரிற் கிளைத்தவை.

அங்ஙனமாயின், ஒளிவிடுதலைக் குறிக்கும் 'இலங்கு', 'இலகு' என்னும் தமிழ்ச் சொற்களும் இவ்வினத்தனவோ எனின், அல்ல. அவை திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒலியும் பொருளும் ஓரிரு சொற்களில் தற்செயலாகவும் ஒத்தல் கூடும். பல சொற்களில் எழுத்துத் திரிபு ஒரே முறையாக அமைந்தாலன்றி மொழிகளிடையே உறவு உண்டென்று துணிதல் பொருந்தாது. முகம் ஒத்தார் இருவரை உடன்பிறந்தார் என்று உடனே சொல்லிவிடுகின்றோமா?

மாணவர்களே, தமிழ்மீது பற்றுக் கொள்ளுதல் நம் கடமை. அப்பற்றினால் பிறமொழிச் சொல்லையெல்லாம் தமிழென நாட்டுதல் தமிழுக்குப் பெருமை தாராது. தமக்குரியதைத் தமதென்றும், பிறர்க்குரியதைப் பிறரதென்றும் கூறுவோர் சொல்லையே உலகம் நம்பும்.