உறுதி இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் என்ன செய்வது?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளின் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களில் பலர் கூறும் துயரம் ஒன்றே. வயல் வாப்பாவின் பெயரில் இருக்கிறது, வாப்பா மௌத்தாகிவிட்டார், இன்று அதை வேறொருவர் விதைக்கிறார்.

இங்கே இரண்டு சட்டங்களை நாம் அறிந்திருத்தல் அவசியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியை உரிமையாளரை ஏற்றுக்கொள்ளாமல் பத்து ஆண்டுகள் இடையறாது ஆள்பவர் அதற்கு உரித்துக் கோரலாம். மறுபுறம், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட ஆதனமாயின், நீதிமன்றத்தின் நிர்வாகப் பத்திரம் இன்றி அதனை மீட்க வழக்குத் தொடர முடியாது. ஆகவே காலம் ஓடிக்கொண்டிருக்கையில் நாம் வாளாவிருத்தல் ஆகாது. முதற்படி, மக்கள் ‘டெஸ்டமென்டரி’ என்று சொல்லும் மரணசாதன வழக்கு.

செய்ய வேண்டியவை:

1. மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பெறுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தோரின் மரணங்களைப் பதிய 2005இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி பெற்ற பத்திரமும் செல்லும். ஆனால் 2016இல் அறிமுகமான, ஒருவர் காணாமற்போனமைக்கான சான்றிதழ், மரணத்துக்கு அத்தாட்சியன்று.

2. உறுதி தொலைந்திருந்தால் மனம் தளராதீர்கள். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவற்றில் நினைவிலுள்ளதை எழுதிக்கொண்டு காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

3. வாரிசுகள் அனைவரினதும் பெயர்களையும், இறந்தவரின் சொத்து, கடன் விபரங்களையும் எழுதுங்கள்.

4. சட்டத்தரணி மூலம் மனுவையும் சத்தியக்கடதாசியையும் மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பியுங்கள். இறந்தவர் வாழ்ந்த இடத்துக்கோ காணி உள்ள இடத்துக்கோ உரிய நீதிமன்றத்தில் இதனைச் செய்யலாம். பணவசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

5. பத்திரிகையில் அறிவித்தல் வெளியாகும். ஆட்சேபனை இல்லையெனில் நிர்வாகப் பத்திரம் கிடைக்கும். மரணசாதனம் எழுதப்பட்டிருந்தால், அதில் பெயர் குறிக்கப்பட்டவர் அதனை உறுதிப்படுத்தும் கட்டளையைக் கோர வேண்டும்.

பத்திரம் பெற்றவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அவர் கடன்களைத் தீர்த்து, கணக்குக் காட்டி, பங்கைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரே. முஸ்லிம் குடும்பங்களில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவரவர் மத்ஹபின் சட்டமே செல்லும்: பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனின் பங்கில் பாதி மகளுக்கு. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களில் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இவ்விரு சட்டங்களிலும் விதவைக்கும் பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு. அவர்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். சகோதரிகளே, வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பெற்ற அரச காணி இவ்வழியில் கைமாறாது. அதன் பின்னுரித்தாளர் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பெற்றோர் வியர்வை சிந்திய மண் அது. இந்த வாரமே குடும்பமாக ஓரிடத்தில் அமர்ந்து வாரிசுகளின் பெயர்ப்பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.