இருப்பு எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் பேருந்துக்கும் ரயிலுக்கும் பயன்படும் பழைய வகை ஈஸி-லிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் 2024 ஜூன் 1 முதல் செல்லாது என்றும், பயணிகள் ‘சிம்ப்ளிகோ’ என்னும் புதிய முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்றும் அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2024 ஜனவரி 9 அன்று அறிவித்தது. பொதுமக்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்ததால், பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 22 அன்று, அதே ஆணையம் அந்தக் கெடுவைக் கைவிட்டு, பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்று தெரிவித்தது. கெடு நீங்கிய பின்னும் குழப்பம் நீங்கவில்லை என்பதை, விடுமுறைக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், பேங்காக் என்று ஒரே சுற்றாகப் புறப்படும் வாசகர்களின் கடிதங்கள் காட்டுகின்றன. உறவினர் கொடுத்த பழைய அட்டை இன்னும் வேலை செய்யுமா, சிம்ப்ளிகோ என்பது அட்டையா செயலியா, ஊரிலுள்ள வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போனால் என்ன என்ற கேள்விகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

எந்தத் தடம் எங்கே போகிறது, எங்கே இறங்கி மாற வேண்டும் என்பவற்றை நிலையச் சுவரிலுள்ள வரைபடமே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விளக்க வேண்டியதில்லை. வரைபடமும் அரசின் விளம்பரப் பலகையும் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: பயணி செலுத்திய பணம், அவர் பயணம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில், எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது.

சட்டைப்பைக்குள் ஒரு கணக்கேடு

2002 ஏப்ரலில் காந்தப்பட்டைப் பயணச்சீட்டுக்கு மாற்றாக வந்த ஈஸி-லிங்க் அட்டை, ‘அட்டைவழி முறை’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை அட்டையின் சில்லில் மீதிப் பணம், கடைசியாக ஏறிய இடம், ஏறிய நேரம் ஆகியவை பதிந்திருக்கும். பயணி இறங்கும்போது அட்டையைத் தட்டியதும், பேருந்திலுள்ள கருவி அந்தப் பதிவைப் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, கட்டணத்தைக் கழித்து, புதிய மீதியைச் சில்லிலேயே திருப்பி எழுதிவிடும். இவ்வளவும் அரை நொடிக்குள் முடிவதற்குக் காரணம், அந்தக் கருவி வெளியே எவரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே. கேட்க வேண்டியவை அனைத்தும் பயணியின் கையிலேயே இருக்கின்றன. ஓடும் பேருந்தில் இணைய இணைப்பு அறுந்தாலும் கணக்கு அறுவதில்லை. அட்டை ஒரு பணப்பை மட்டுமன்று, அந்தப் பயணத்தின் கணக்கேடும் அதுவே. அந்த ஏட்டின் கடைசி வரியைத்தான் வாயிலின் சிறு திரை ஒவ்வொரு முறையும் காட்டியது.

2019 ஏப்ரலில் தொடங்கிய சிம்ப்ளிகோ ‘கணக்குவழி முறை’யைச் சேர்ந்தது. இதில் அட்டைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது தன் அடையாள எண்ணைச் சொல்லும், அவ்வளவே. பணமும் பயணப் பதிவும் தொலைவிலுள்ள மையக் கணினியில் இருக்கும். ஏறிய தட்டலையும் இறங்கிய தட்டலையும் அந்தக் கணினி பின்னர் இணைசேர்த்து, கட்டணத்தைக் கணக்கிட்டு, உரிய கணக்கிலிருந்து கழிக்கும். ஆகவே சிம்ப்ளிகோ என்பது அட்டையும் அன்று, வெறும் செயலியும் அன்று; கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பதற்கான ஏற்பாட்டின் பெயர். வங்கி அட்டை, கைப்பேசி, மாற்றப்பட்ட ஈஸி-லிங்க் அட்டை ஆகிய மூன்றும் அதே ஏற்பாட்டுக்குள் வருவதற்கும், அட்டை தொலைந்தால் கணக்கை முடக்கிப் பணத்தைக் காப்பாற்ற முடிவதற்கும் இதுவே காரணம்.

நம்பித் திறக்கும் கதவு

இம்முறையின் நுட்பமான பகுதி, வங்கி அட்டையைத் தட்டும்போது நடப்பது. கடையில் அட்டையைத் தட்டினால், கருவி வங்கியைக் கேட்டு, வங்கி சம்மதித்த பிறகே ரசீது வரும். இதற்குச் சில நொடிகள் ஆகும். காலை எட்டு மணிக்கு ரயில் நிலைய வாயிலில் ஒவ்வொருவருக்கும் சில நொடிகள் என்றால் வரிசை தெருவரை நீளும் என்பதால், வாயில் வங்கியைக் கேட்பதே இல்லை. அட்டை போலியானதா என்பதை அதன் சில்லிலுள்ள மின்கையெழுத்தைக் கொண்டு அங்கேயே சோதித்து, தடைசெய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கதவைத் திறந்துவிடும்; வங்கியிடம் பணம் கேட்பது அதற்குப் பிறகே. கணக்கில் பணமில்லை என்று வங்கி கைவிரித்தால், அந்த எண் தடைப்பட்டியலில் ஏறி, நிலுவை தீரும்வரை எந்த வாயிலும் அதற்குத் திறக்காது. முதற்பயணத்தின் நட்டத்தைப் போக்குவரத்து நிறுவனம் ஏற்றுக்கொண்டு, இரண்டாம் பயணத்தில் கணக்குத் தீர்க்கும் இந்த ஏற்பாடு, பற்றுவரவு நோட்டு வைத்திருக்கும் மளிகைக்கடைக்காரரின் அறிவை இயந்திரத்துக்கு ஏற்றியது போன்றது.

ஆனால் மளிகைக்கடை நோட்டை வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கலாம். இந்த நோட்டை அப்படிப் பார்க்க முடியாது. மாற்றப்பட்ட ஈஸி-லிங்க் அட்டையைத் தட்டியவர்களுக்கு வாயில் திரையில் கட்டணமும் மீதியும் தெரியவில்லை. அவற்றை அறியக் கைப்பேசிச் செயலியைத் திறக்க வேண்டும், அல்லது நிலையத்திலுள்ள இயந்திரத்துக்குப் போக வேண்டும். எதிர்ப்பின் மையம் இதுதான். மையக் கணினியிலிருந்து மீதியை வரவழைத்துக் காட்டச் சில நொடிகள் கூடுதலாகும், அதனால் வாயிலில் நெரிசல் ஏற்படும் என்று ஆணையம் விளக்கியது. விளக்கம் தொழில்நுட்ப அளவில் சரியே. எனினும், கணக்கேட்டைப் பயணியின் கையிலிருந்து எடுத்துத் தொலைவில் வைத்தவர்கள், ஏடு தொலைவில் இருப்பதால் காட்ட முடியவில்லை என்று சொல்வது எவ்வளவு தூரம் விளக்கம், எவ்வளவு தூரம் சாக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது.

அறிவிப்பு நெடுகிலும் இந்த மாற்றம் ‘மேம்படுத்தல்’ என்றே அழைக்கப்பட்டது. மீதி தெரியாமல் போனதோடு, மாற்றிய அட்டையைக் கார் நிறுத்துமிடக் கட்டணத்துக்கும் சாலைக் கட்டணத்துக்கும் பயன்படுத்த முடியாமல் போனதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வயது வந்தோர் கட்டணத்தில் நடக்கும் பயணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே கணக்குவழி முறையில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கணக்கையும் சற்று நிதானித்தே படிக்க வேண்டியிருக்கிறது. வங்கி அட்டையைத் தட்டுபவருக்குப் பயண அட்டையின் மீதி என்று ஒன்று முதலிலேயே கிடையாது என்பதால், அவர்கள் மாறியது, மீதியைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் எஞ்சிய ஒரு பங்கினர் மாறத் தயார் என்பதற்குச் சான்றாகாது. திரையில் தெரியும் எண், வரம்புக்குட்பட்ட பணத்தோடு வெளியே புறப்படுபவருக்கு அலங்காரமன்று. தவறான கழிவை அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க அவரிடமுள்ள ஒரே சாட்சி அது. அட்டைவழி முறையின் கருவிகள் ஆயுள் முடியும் கட்டத்தில் இருந்தன என்பதும், இரண்டு முறைகளை ஒரே நேரத்தில் பராமரிப்பது செலவு என்பதும் உண்மையே. 40 மில்லியன் வெள்ளி என்னும் தொகை அந்த உண்மையின் விலை.

சுற்றுலாப் பயணிக்கு இதன் நடைமுறைப் பொருள் இன்னொன்று. கணக்குவழி முறையில் அட்டை எண்தான் பயணியின் பெயர் என்பதால், ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்ததாயினும், ஏறும்போது பிளாஸ்டிக் அட்டையையும் இறங்கும்போது கைப்பேசியையும் தட்டினால் அவை இரண்டு வேறு மனிதர்களாகவே பதிவாகும். கைப்பேசி, பாதுகாப்பு கருதி, அட்டையின் உண்மை எண்ணுக்குப் பதிலாக வேறொரு மாற்று எண்ணையே சொல்லும். விளைவாக, ஒருவர் ஏறி இறங்கவே இல்லை, மற்றவர் ஏறாமலே இறங்கினார் என்று கணினி முடிவுகட்டி, இருவருக்கும் முழுமையடையாத பயணத்துக்கான கட்டணத்தை விதிக்கக்கூடும். சிங்கப்பூரில் பேருந்தும் ரயிலும் மாறி மாறிச் செல்லும் பயணம், இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து மாற்றங்கள் வரை, ஒரே பயணமாகக் கருதப்பட்டு மொத்தத் தூரத்துக்கே கட்டணம் கணக்கிடப்படும் என்பதால், இடையில் கருவியை மாற்றுபவர் அந்தச் சலுகையையும் இழப்பார்.

ஒரே பெயர், இரண்டு பணப்பை

பணம் சில்லில் இருக்கிறதா கணினியில் இருக்கிறதா என்ற வேறுபாட்டை இந்தோனேசியா மறைப்பதில்லை. அந்நாட்டு மத்திய வங்கியின் மின்பண விதிகளே ‘சில்லு அடிப்படையிலானது’, ‘சர்வர் அடிப்படையிலானது’ என்று இரு வகையாகப் பிரித்துச் சொல்கின்றன. ஜகார்த்தாவின் டிரான்ஸ்ஜகார்த்தா பேருந்துக்குப் பயன்படும் மந்திரி இ-மணி, பிசிஏ ஃபிளாஸ் போன்ற வங்கி வெளியீட்டு அட்டைகள் முதல் வகை. கைப்பேசியில் பணம் செலுத்தியதும் அட்டையில் பணம் ஏறிவிட்டதாக எண்ணிப் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே. செலுத்திய பணத்தைச் சில்லில் எழுத, அட்டையைக் கைப்பேசியின் பின்புறமோ அதற்குரிய கருவியிலோ ஒருமுறை வைத்தெடுக்க வேண்டும். சென்னை மெட்ரோவில் 2023 ஏப்ரலில் வந்த சிங்காரச் சென்னை அட்டையைப் பயன்படுத்துவோருக்கு இந்த இரட்டை வேலை புதிதன்று.

மலேசியாவில் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 1997 முதல் சுங்கச்சாவடியிலும் பின்னர் ரயிலிலும் பேருந்திலும் பழக்கத்துக்கு வந்த டச் அன்ட் கோ அட்டையும், அதே பெயரிலுள்ள கைப்பேசிப் பணப்பையும் இரண்டு தனித்தனி இருப்புகள். பணப்பையில் நூறு ரிங்கிட் இருந்தும் அட்டையில் பணமில்லாததால் கோலாலம்பூர் வாயில் திறக்காமல் போவது பயணி செய்த பிழையன்று, பெயர் வைத்தவர் செய்த பிழை. 2022இல் வந்த புதுவகை அட்டையில், கைப்பேசியை அட்டையோடு சேர்த்துவைத்து, பணப்பையிலிருந்து சில்லுக்குப் பணத்தை மாற்ற முடிகிறது. கணக்கேடு பயணியின் கையிலும் இருக்கலாம், வசதியும் குறையாமல் இருக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் இரண்டில் ஒன்றுதான் இயலும் என்பது போல நடந்த விவாதத்தில் இத்தகைய நடுவழிக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

மற்ற கேள்விகள்

பேங்காக்கில் ஒரே அட்டை போதுமா? போதாது, சுரங்க ரயிலான எம்ஆர்டி 2022 முதல் வங்கி அட்டையை வாயிலிலேயே ஏற்கிறது, உயர்மட்ட ரயிலான பிடிஎஸ் தனது ராபிட் அட்டையையும் பயணச்சீட்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘சிலந்தி’ என்று பொருள்படும் மங்மூம் அட்டை வரும் என்ற அரசின் வாக்குறுதி பல அமைச்சர்களைக் கண்டுவிட்டது.

அங்கே தடம் மாறினால் கட்டணம் சேர்த்துக் கணக்கிடப்படுமா? நிறுவனம் மாறினால் பெரும்பாலும் இல்லை. 2023 இறுதியில் சிவப்புத் தடத்துக்கும் ஊதாத் தடத்துக்கும் சேர்த்து 20 பாட் என்ற சலுகை வந்தபோதும், ஒரே வங்கி அட்டையைத் தட்டி முப்பது நிமிடத்துக்குள் மாறியவர்களுக்கே அது கிடைத்தது.

ஜகார்த்தாவில் பேருந்தும் ரயிலும் சேர்ந்தால்? 2022இல் வந்த ஒருங்கிணைந்த கட்டணப்படி, மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூப்பியா.

கோலாலம்பூர் பேருந்தில் சில்லறை கொடுக்கலாமா? ரேபிட் கேஎல் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால் அட்டை இல்லாமல் ஏறக்கூடாது.

மணிலாவில்? இலகு ரயில் தடங்கள் இரண்டுக்கும் எம்ஆர்டி-3 தடத்துக்கும் 2015 முதல் புழங்கும் பீப் அட்டை பொது.

ஹோ சி மின் நகரில்? 2024 டிசம்பர் 22 அன்று திறக்கப்பட்ட முதல் மெட்ரோத் தடம் ஒன்றுதான் இப்போதைக்கு உண்டு. ஒரு தடத்துக்கு மாற்றக் கட்டணக் கவலை இல்லை.

இந்திய வங்கி அட்டை சிங்கப்பூர் வாயிலில் வேலை செய்யுமா? விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் செய்யும், ஆனால் 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் மூடியே தரப்படுவதால் புறப்படுமுன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவைக்க வேண்டும். நாணய மாற்றுக் கட்டணம் தனி.

ஒரே வங்கி அட்டையைக் குடும்பத்தில் நால்வரும் தட்டலாமா? முடியாது, ஓர் எண்ணுக்கு ஒரு பயணிதான்.

உறவினர் கொடுத்த பழைய ஈஸி-லிங்க் அட்டை? காலாவதி ஆகாததாயின் செல்லும். பழைய முறை குறைந்தது 2030 வரை நீடிக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது, மீதியும் திரையில் தெரியும்.