பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டமும் சங்க இலக்கியத் தாவர அடையாளமும்: சைதாப்பேட்டை முதல் கோயம்புத்தூர் வரை

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வழங்கும் ஆய்வுகள் பெரும்பாலும் நூற்சான்றுகளையே சார்ந்துள்ளன. தாவரவியலிலோ ஒரு பெயரின் உறுதிப்பாடு, பதிவு செய்யப்பட்ட உயிர்த்தாவரத்தையோ உலர்தாவர மாதிரியையோ சார்ந்தது. சென்னையில் தோன்றிக் கோயம்புத்தூரில் நிலைபெற்ற தாவரத் தொகுப்புகளின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அத்தொகுப்புகள் தமிழாய்வுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதைக் கொன்றை, குறிஞ்சி ஆகிய இரண்டின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாவரவியல் தோட்டம், உலர்தாவரகம், சான்று மாதிரி, சங்க இலக்கியம், கொன்றை, குறிஞ்சி

முன்னுரை

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் மலர்ப்பட்டியல் தமிழறிஞரையும் தாவரவியலாரையும் ஒருசேர ஈர்த்து வந்துள்ளது. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' ஆகிய நூல்கள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. இந்நூல்கள் தரும் அறிவியல் பெயர்களை மறுஆய்வின்றி அப்படியே எடுத்தாளும் வழக்கம் பின்வந்த ஆய்வேடுகளில் உண்டு. ஒரு பெயர் எந்தச் செடியைக் கண்டு சூட்டப்பட்டது என்னும் வினாவிற்கு விடை தரவேண்டிய இடம் தாவரவியல் தோட்டமும் அதனோடு இணைந்த உலர்தாவரகமும் ஆகும்.

தோட்டமும் பூங்காவும்

பூங்கா அழகிற்காக அமைக்கப்படுவது. தாவரவியல் தோட்டமும் அழகுடையதாக இருக்கலாம். ஆயினும் அதனை வேறுபடுத்துவது பதிவேடு. ஒவ்வொரு தாவரமும் எங்கிருந்து, எந்நாளில், யாரால் கொணரப்பட்டது என்பதும் அதன் பதிவெண்ணும் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். பதிவேடு இழந்த தோட்டத்தில் மரங்கள் எஞ்சும். அவற்றைப் பற்றிய சான்று எஞ்சாது.

உயிர்த்தாவரத் தொகுப்பும் உலர்தாவரத் தொகுப்பும் தொடக்கம் முதலே இணைந்து வளர்ந்தவை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்தில் தோட்டம் அமைத்த லூக்கா கினியே, செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் முறையைப் பரப்பியவராகவும் கருதப்படுகிறார். 1545-இல் தோன்றிய பதுவா பல்கலைக்கழகத் தோட்டம் இன்றும் அதே இடத்தில் உள்ளது. தமிழகத் தொகுப்புகளுக்கு அத்தகைய நிலைபேறு வாய்க்கவில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு

நந்தனத்திலிருந்து அண்ணா சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் அடுத்து அடைவது சைதாப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்குச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். செந்நிறச் சாயம் தரும் பூச்சிகளை அக்கள்ளியில் வளர்ப்பது அவர் நோக்கம். அம்முயற்சி நிலைக்கவில்லை, தோட்டம் கலைக்கப்பட்டபோது அதன் செடிகள் பெங்களூரு லால்பாக்கிற்குச் சென்றன.

இதே சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கப்பட்ட வேளாண் பள்ளி, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அப்பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் இன்று மருதமலைச் சாலையில் உள்ளது.

உலர்தாவரத் தொகுப்பின் வரலாறும் சென்னையிலேயே தொடங்குகிறது. 1835-இல் தோன்றிய சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம், நந்தனத்திற்கு அண்மையில் கதீட்ரல் சாலையில் அமைந்தது. அச்சங்கத்தின் செயலராக விளங்கிய ஹியூ கிளெக்ஹார்ன், அத்தோட்டத்தின் இயல்தாவரங்களையும் வந்து நிலைத்த தாவரங்களையும் தொகுத்து 'ஹோர்டஸ் மதராஸ்படென்சிஸ்' என்னும் பட்டியலை 1853-இல் வெளியிட்டார். அக்காலத்தில் அவர் திரட்டத் தொடங்கிய மாதிரிகளே 'மதராஸ் உலர்தாவரகம்' என்னும் பெருந்தொகுப்பின் வித்து. அது 1909-இல் கோயம்புத்தூருக்குச் சென்றது. இன்று இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில், அதே வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மாதிரிகளுடன் விளங்குகிறது. 1915 முதல் 1936 வரை பகுதிகளாக வெளிவந்த, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூலுக்கு இத்தொகுப்பு ஆதாரமாயிற்று. பல தாவரங்களுக்குத் தமிழ் வழக்குப் பெயர்களையும் தருவதால் அந்நூல் தமிழாய்வாளர்க்கும் உரியது.

இவ்வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகிறது. தோட்டங்கள் இடம்பெயர்ந்தன, சில அழிந்தன. ஏட்டிலும் தாளிலும் பதிவானவை மட்டுமே இன்று எடுத்துப் பார்க்கத்தக்கனவாக உள்ளன.

கொன்றை: உயிர்த்தொகுப்பு தரும் சான்று

சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்தின் அடையாளம். அதன் பொன்னிறப் பூங்கொத்துகளைக் கண்டு தலைவி தலைவனின் வருகையை எதிர்நோக்குகிறாள். கொன்றையைச் சரக்கொன்றை (காசியா ஃபிஸ்டுலா) எனக் கொள்வதே பெருவழக்கு. ஆனால் இன்று சரக்கொன்றை மிகுதியாகப் பூப்பது சித்திரை, வைகாசித் திங்களில். கார்காலமோ ஆவணி, புரட்டாசி. இம்முரணுக்குப் பல விளக்கங்கள் இயலும்: மழைக்குப் பின் நிகழும் இரண்டாம் பூப்பினைப் புலவர் குறித்திருக்கலாம், வேறோர் இனத்தைச் சுட்டியிருக்கலாம், பாடல் மரபாகவும் அமையலாம். பருவமல்லாக் காலத்து மழையால் மயங்கிக் கொன்றை பூத்தது எனத் தோழி கூறும் குறுந்தொகைப் பாடலும் (66) இங்குக் கருதத்தக்கது.

இவற்றுள் எது பொருந்தும் என்பதை உரைநூல்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. பதிவெண் பெற்ற மரங்களின் பூப்புக்காலத்தை, மழையளவோடு சேர்த்து, ஆண்டுதோறும் குறித்துவரும் தோட்டமே அதற்கான தரவினைத் தரும். மேலும், மயில்கொன்றை, பெருங்கொன்றை எனக் கொன்றைப் பெயர் தாங்கிய மரங்கள் இன்று சென்னைத் தெருக்களில் மலிந்துள்ளன. இவை அயல்நிலத்திலிருந்து வந்தவை. இவற்றை அருகருகே பெயர்ப்பலகையுடன் காணும் மாணவர், ஒரு பெயர் பல தாவரங்களுக்குப் பரவும் முறையை எளிதில் உணர்வர்.

குறிஞ்சி: உலர்தொகுப்பு தரும் சான்று

குறிஞ்சியை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா எனக் குறிப்பது வழக்கம். குறுந்தொகையின் மூன்றாம் பாடல் அதன் கரிய தண்டையும் பூவின் தேனையும் சுட்டுகிறது. ஆனால் இப்பேரினத்தைச் சார்ந்த இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல. அவற்றின் பூப்புச் சுழற்சியும் வேறுபடும். தண்டின் நிறம், பூவின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிடாமல் பாடல் சுட்டுவது இதுவே என உறுதிசெய்தல் அரிது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குந்தியானா, உயர்மலைப் புல்வெளியில் வளர்வது. சமவெளித் தோட்டத்தில் வளர்த்துக் காட்டத்தக்கதன்று. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பெருமளவில் பூத்தது. அடுத்த பூப்பிற்கு 2030 வரை காத்திருக்க எந்த முனைவர் பட்ட ஆய்வாளராலும் இயலாது. முன்னைய பூப்புகளில் திரட்டி, இடமும் நாளும் குறித்து வைக்கப்பட்ட மாதிரிகள் உலர்தாவரகத்தில் உள்ளமையால் ஒப்பீடு இன்றும் இயல்கிறது. தாவரவியல் பேராசிரியர் ஃபைசன், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களை விளக்கி எழுதிய நூலும் இதற்குத் துணைசெய்யும்.

தமிழாய்வில் கடைப்பிடிக்கத்தக்க முறை

அறிவியல் பெயர்களும் மாறுவன. புங்கு முன்னர் பொங்காமியா கிளாப்ரா எனவும் பின்னர் பொங்காமியா பின்னேட்டா எனவும் குறிக்கப்பட்டது. இன்று மில்லெட்டியா பின்னேட்டா என்னும் பெயரும் வழங்குகிறது. பெயரை மட்டும் குறித்த ஆய்வேடு ஒரு தலைமுறைக்குள் ஐயத்திற்கு இடமாகிறது. மாதிரி எண்ணைக் குறித்த ஆய்வேட்டிலோ, பெயர் மாறினும் பொருள் மாறுவதில்லை.

எனவே, தாவரப் பெயர் குறித்த தமிழாய்வில் பாடல் தரும் வருணனையை முதலில் தனியே தொகுத்தல் வேண்டும். களத்தில் திரட்டும் வட்டாரப் பெயரை இடம், நாள் ஆகியவற்றுடன் பதிதல் வேண்டும். பூவோடு கூடிய மாதிரியை அங்கீகாரம் பெற்ற உலர்தாவரகத்தில் ஒப்படைத்து, அதன் எண்ணை ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தோட்டங்கள் தம் பெயர்ப்பலகைகளில் இலக்கியப் பெயரையும் வட்டாரப் பெயரையும் வேறுபடுத்திக் காட்டுதல் நன்று.

முடிவுரை

சுவடியின் பாடவேறுபாட்டை ஆராய்வோர் சுவடி எண்ணைக் குறிப்பிடாமல் எழுதுவதில்லை. தாவரப் பெயரை ஆராய்வோர்க்கும் அதே கடப்பாடு உண்டு. சைதாப்பேட்டையிலும் கதீட்ரல் சாலையிலும் தொடங்கிய தொகுப்புகள் இன்று கோயம்புத்தூரில் ஆய்வாளரின் பயன்பாட்டிற்கு உள்ளன. தமிழ்த்துறைகளும் தாவரவியல் துறைகளும் இணைந்து அவற்றைப் பயன்கொள்ளும்போது, சங்க இலக்கியத் தாவர அடையாளம் பிறர் சரிபார்க்கத்தக்க சான்றின்மீது நிற்கும்.