கோவளக் கடற்கரை

பின்னலாடைத் தொழிலாற் சிறந்த திருப்பூருக்குக் கடல் தொலைவு. அந்நகரத்தார் ஓய்வு நாள்களைக் கடலோரத்தில் கழிக்க விரும்பின், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் ஏற்ற இடமாகும். மீனவர் வாழும் அவ்வூரில், பலகைமீது நின்று அலையில் சறுக்கிவரும் விளையாட்டைக் கற்கலாம். கற்பிப்போருள் மீனவ இளைஞரும் உளர். அவர்கள் அலையின் இயல்பை இளமை முதலே அறிந்தவர்கள்.

அருகிலுள்ள முட்டுக்காட்டு உப்பங்கழியில் படகேறலாம். 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைக் காணலாம். மேலும் தெற்கே சென்றால், 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற மாமல்லபுரச் சிற்பங்களைக் கண்டு மகிழலாம்.

எனினும், அலை உடையாது அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே, கரைசேர்ந்த நீர் கடலை நோக்கி விரைந்து மீள்வதுண்டு. அவ்விழுப்பு நீந்த வல்லாரையும் கொண்டுசெல்லும். ஆதலால், இறங்க வேண்டா என மீனவர் தடுக்கும் நாளில், கரையில் அமர்ந்து கடலை நோக்குதலே அறிவுடைமை.